ஊஞ்சலில் மாஸ்டர்

போன மாதம் எங்கள் வீட்டு அடுக்களைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் யார் கவலைப்படுகிறார்கள்? அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துப் பிடித்து, அதைத் துளசிக்கு ஊற்றி, ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாம் நாள் குழாய் கழுத்தோடு கையில் வந்துவிட்டது!

பிளம்பர் தம்பி வந்து பார்த்தார். "அரை இஞ்சுல எஃப்.டி.ஏ. ஒண்ணு வேணும்மா. சாரை வாங்கியாரச் சொல்லுங்க" என்றார். என்னவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அரை மணி நேரம் கழித்து வெற்றி வீரராகத் திரும்பி வந்தார். கையில் இருந்தது எம்.டி.ஏ.

"இது எம் சார். எம்முன்னா மேல், எஃப்புன்னா ஃபீமேல். மரை வெளியில இருந்தா எம். உள்ளே இருந்தா எஃப். குழாய்க்கு மரை வெளியில இருக்கு. அதை வாங்கிக்கிறதுக்கு எஃப்புதான் வேணும்" என்று பொறுமையாகப் பாடம் நடத்தினார் தம்பி.

(சகோதரிகளே, இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய துண்டையே கையோடு கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். இரண்டாவது நடை மிச்சம்.)

அடுத்த அறையில் லாப்டாப்போடு உட்கார்ந்திருந்த என் பெண் எட்டிப் பார்த்தாள். அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"அம்மா, மேல் - ஃபீமேல் எல்லாம் இப்ப சொல்லக் கூடாதும்மா. பிளக், சாக்கெட்னு சொல்லணும். இல்லேன்னா உள் மரை, வெளி மரைன்னு சொல்லலாம்."

பிளம்பர் தம்பி சிரித்தார். "கடையில போய் அப்படிக் கேட்டா, எனக்குத்தான் மரை கழண்டு போச்சுன்னு நினைப்பாங்க பாப்பா!"

அத்தோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டோடு எல்லோரும் உட்கார்ந்தபோது, என்னவர் விடாமல் அதையே பிடித்துக்கொண்டார். "வேற என்னென்னம்மா சொல்லக் கூடாது? ஒரு லிஸ்ட் கொடு. வயசான காலத்துல மாட்டிக்கப் போறேன்" என்றார்.

கொடுத்தாளே ஒரு லிஸ்ட்!

முதலில் 'மாஸ்டர்'. கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராம்களைப் பத்திரமாக அடுக்கி வைக்க 'கிட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-ல் உண்டாக்கியது. அதில் அடிமரம் மாதிரி இருக்கும் முக்கியக் கிளைக்கு 'மாஸ்டர்' என்று பெயர். 2020 மே மாதம் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார் இல்லையா? நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் கம்ப்யூட்டர்க்காரர்களும் தங்கள் அகராதியைத் திறந்து பார்த்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் எல்லாவற்றுக்கும் 'மாஸ்டர்' போய் 'மெயின்' வந்துவிட்டது.

"பழையதுக்கெல்லாம் எங்க டீமே உட்கார்ந்து பேரை மாத்தினோம். மாஸ்டர்ங்கிற பேரை நம்பி எங்கெங்கேயோ என்னென்னவோ தொங்கிட்டு இருந்தது. ஒண்ணை மாத்தினா ஒன்பது அறுந்துது. ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு" என்றாள்.

அப்புறம் 'பிளாக் லிஸ்ட்', 'ஒயிட் லிஸ்ட்'. கெட்டது கறுப்பு, நல்லது வெள்ளையா என்று கேள்வி வந்ததால் 'பிளாக்' என்ற நிறம் போய், தடுப்பது என்று பொருள் தருகிற 'பிளாக்' வந்துவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்! நாம் பிழைத்தோம்.

அப்புறம்தான் பெரிய ஜோடி: 'மாஸ்டர் - ஸ்லேவ்'. எஜமான் - அடிமை.

இந்த ஜோடிக்கு வழக்கு வந்தது 2020-ல் அல்ல, அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி என்று ஒன்று. ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் வாழ்கிற நிர்வாகப் பகுதி. 2003-ல் அங்கே ஓர் ஊழியர், ஆபீஸில் இருந்த வீடியோ டேப் மெஷினில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து மனம் புண்பட்டுப் புகார் கொடுத்தார். நவம்பர் மாதம் கவுன்ட்டி நிர்வாகம், தனக்குச் சாமான் விற்கிற கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: உங்கள் சாமான்களில் இப்படிப்பட்ட லேபிள்கள் இருந்தால் பார்த்து மாற்றுங்கள் என்று.

உலகமே சிரித்தது. சிரிப்பு தாங்காமல், "இது வேண்டுகோள்தான், தடையில்லை" என்று கவுன்ட்டி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் சொற்களைக் கணக்கெடுக்கிற ஒரு நிறுவனம், 2004-க்கான 'சொல்லக் கூடாத சொற்கள்' பட்டியலில் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. ஆனால் சிரித்தவர்களே பிறகு மாற்றினார்கள். டுருபல், ஜாங்கோ இரண்டும் 2014-ல், பைத்தான் 2018-ல். டி.வி., கம்ப்யூட்டர்களுக்குள்ளே சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு முறை உண்டாம். அதன் விதிப் புத்தகத்திலேயே 2021-ல் எஜமான் 'கன்ட்ரோலர்' ஆனார்; அடிமை 'டார்கெட்' ஆனார்.

என்னவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படின்னா டீ மாஸ்டர்? பரோட்டா மாஸ்டர்? டெய்லர் மாஸ்டர்? நம்ம ஊர்ல மாஸ்டர்னா உட்கார்ந்து சாப்பிடறவன் இல்லை, அடுப்புக்கு முன்னால நின்னு வேகறவன்!" என்றார். நியாயமான கேள்விதான்.

அதோடு விட்டாரா? அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "அம்மிக்குக் 'குழவி'ன்னு பேர். குழவின்னா பச்சைக் குழந்தை. குழந்தையை வெச்சு மிளகாய் அரைக்கிறீங்களே, இது குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல வராதா? 'தாழ்'ப்பாள்னு ஏன் சொல்லணும்? கதவுக்கு மனசு கஷ்டப்படாதா? இனிமே 'உயர்ப்பாள்'னு சொல்லு. குத்துவிளக்குல குத்து இருக்கு, அடிபம்புல அடி இருக்கு. வீடு பூரா வன்முறை!"

என் மாமியார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. நானும்தான் சிரித்தேன். ஆனால் என் பெண் சிரிக்கவில்லை.

"அப்பா, அம்மிக்கு ஒண்ணும் வலிக்காது. குழவி புகார் கொடுக்கலை. புகார் கொடுத்தவர் ஒரு மனுஷர். தன் கொள்ளுத் தாத்தாவையோ கொள்ளுப் பாட்டியையோ சந்தையில் நிறுத்தி, பல்லைப் பிடிச்சுப் பார்த்து வித்த நாட்டில் இருக்கிறவருக்கு, தினம் ஆபீஸுக்கு வந்து அந்த லேபிளைப் பார்க்கணும்னா எப்படி இருக்கும்?" என்றாள்.

அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ல். நம் ஊர் மட்டும் யோக்கியமா என்றால், இங்கேயும் ஆளை விற்று ஓலை எழுதிக் கொடுத்த காலம் உண்டு. வெள்ளைக்கார அரசாங்கம் 1843-ல் சட்டம் போட்ட பிறகுதான் நீதிமன்றங்கள் அதை ஒப்புக்கொள்வதை நிறுத்தின. 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு நாமே 'மாற்றுத்திறனாளி' என்று சொல்லப் பழகவில்லையா? முதலில் நாக்குக் குழறியது. இப்போது பழைய சொல்லைக் கேட்டால்தான் காது கூசுகிறது. ஆகவே பெயர் மாற்றுவதே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். எந்திரத்துக்கு யார் முதலில் இந்தப் பெயரை வைத்தது?

அதற்கும் பதில் வைத்திருந்தாள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் வானாய்வுக் கூடத்தில் டேவிட் கில் என்பவர் 1904-ல் தம்முடைய கடிகாரத்தைப் பற்றி எழுதும்போது 'ஸ்லேவ் கடிகாரம்' என்றாராம். அடிமைகளை விடுவித்து எழுபது வருஷம் ஆன ஊரில்! அதன் பிறகு 1921-ல் ஷார்ட் என்கிற ரயில்வே இன்ஜினீயர் இன்னும் துல்லியமான ஒன்று செய்தார். இரண்டு ஊசல்கள். மாஸ்டர் ஊசல், காற்றை உறிஞ்சி எடுத்த உலோக உருளைக்குள் நிம்மதியாக ஆடிக்கொண்டே இருக்கும். முள்ளை நகர்த்துவது, எண்ணுவது எல்லாம் ஸ்லேவ் கடிகாரத்தின் வேலை. மாஸ்டரின் ஆட்டம் நின்றுவிடாமல் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தள்ளிவிட ஏற்பாடு செய்வதும் ஸ்லேவ்தான். பதிலுக்கு மாஸ்டர் என்ன செய்வார்? ஸ்லேவ் கொஞ்சம் பின்தங்கினால், "நீ லேட்" என்று ஒரு தட்டுத் தட்டி முன்னால் தள்ளுவார்!

கேட்டுக்கொண்டே இருந்த நான் கூடத்து ஊஞ்சலைப் பார்த்தேன். இட்லித் தட்டோடு அதில் ஆடிக்கொண்டிருந்தவரையும் பார்த்தேன். அன்று காலைதான் "காபி ஏழு மணிக்குன்னா ஏழே காலுக்கு வருது" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது காபி மட்டும் கொடுக்கவில்லை.

பேச்சை மாற்ற வேண்டுமே! அவர் பரணில் ஏறி, போகிக்குத் தூக்கிப் போடாமல் பதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினார். திறந்தால், ரிப்பன் பக்கோடா மாதிரி பட்டையாக ஒரு கேபிள். அதில் அடுத்தடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க். அவற்றின் மேல் லேபிளில் குட்டியாகப் படம் போட்டு 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று அச்சடித்திருந்தது. பின்னால் ஊசிகள், அதில் அரிசி அளவில் ஒரு தொப்பி. தொப்பியை இந்த ஊசியில் மாட்டினால் மாஸ்டர், அந்த ஊசியில் மாட்டினால் ஸ்லேவ். இரண்டுக்கும் ஒரே மாதிரி மாட்டிவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிப் போகும்.

என் பெண் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. இதில் மாஸ்டர் என்பது ஸ்லேவுக்கு உத்தரவே போடுவதில்லையாம்! இரண்டும் கம்ப்யூட்டரிடம்தான் நேராகக் கட்டளை வாங்குகின்றன. பெயர் புண்படுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெயரே தப்பு. பின்னாளில் விதிப் புத்தகத்தில் 'டிவைஸ் 0', 'டிவைஸ் 1' என்று மாற்றினார்கள். கடையில் யார் கேட்டார்கள்?

உண்மையான தொல்லை என்ன தெரியுமா? இருப்பது ஒரே கேபிள். ஒரு டிஸ்க் அதில் பேசினால், மற்றது வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். எந்தப் பெயர் வைத்தாலும் காத்திருப்பு காத்திருப்புதான். லாஸ் ஏஞ்சலஸ் கடிதம் போன அதே 2003-ம் வருஷத் தொடக்கத்தில் 'சாட்டா' என்ற புது ஏற்பாட்டின் திருத்திய விதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒல்லியாகத் தனித்தனிக் கேபிள். தொப்பியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். எஜமானும் இல்லை, அடிமையும் இல்லை. அந்தச் சண்டையைத் தீர்த்தது பெயர் மாற்றிய கடிதம் இல்லை; ஒயரை மாற்றியவர்கள்.

"பார்த்தியா! பேர்ல ஒண்ணுமே இல்லை, எல்லாம் ஒயர்லதான்" என்று வெற்றிக் கொடி நாட்டினார் என்னவர்.

"சரிப்பா. அப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். நம்ம வீட்டில் 'வேலைக்காரி'ன்னு சொல்றோமே, அதை என்ன செய்யலாம்?" என்றாள் பெண்.

ஆளுக்கொரு பெயர் சொன்னோம். 'ஹவுஸ் ஹெல்ப்' என்றாள் அவள். 'பணிப்பெண்' என்றேன் நான். 'இல்லப் பணியாளர்' என்றார் அவர், ஏதோ அரசாங்க ஆணை பிறப்பிப்பது போல. "வேலை செய்யறவளை வேலைக்காரின்னா என்ன தப்பு?" என்றார் மாமியார்.

பேச்சுக்கு உரியவர் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக வருகிறவர். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"உனக்கு எந்தப் பேர் பிடிச்சிருக்கு, சொல்லு" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத்தான் எங்கம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்கேம்மா! நீங்க எது வேணா வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஐயா இப்ப ஒரு பேரு சொன்னாங்களே, அந்தப் பேரு உள்ளவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டாம்மா?"

ஊஞ்சல் நின்றுவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு, உலகத்தில் உள்ள அடிமைத்தனத்தையெல்லாம் அலசிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது ஆள் எங்கள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

என் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். 2011-ல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை செய்பவர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியதாம். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். பத்து வருஷத்தில் நாங்கள் கொடுத்த ஓய்வு, அவருக்குக் காய்ச்சல் வந்தபோதும், நாங்கள் ஊருக்குப் போனபோதும்தான். ஒரே கேபிள்! எங்கள் வேலை ஓடாதபோதுதான் அவருக்கு வழி.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் என்னை 'நீங்க' என்கிறார். நான் அவரை 'நீ' என்கிறேன். ஆங்கிலத்தில் லேபிளைக் கிழித்துவிட்டால் போதும். தமிழில் எஜமானும் அடிமையும் வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'வா', 'போ', 'தேய்' என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், பத்து வருஷமாக.

மறுநாள் காலை கதவைத் திறந்து "வாங்க" என்றேன். தொண்டையில் மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டுதான் வெளியே வந்தது அந்த 'ங்க'. அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்! ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும், "உடம்புக்கு ஏதும் சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு விடுமுறை. சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. முதல் ஞாயிறு யார் பாத்திரம் தேய்த்தார்கள் என்று கேட்காதீர்கள். நான்தான்! கேபிள் மாறியது, ஊஞ்சல் மாறவில்லை. அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரவர் தட்டு அவரவருக்கு. குக்கரும் கடாயும் முறை வைத்து. என்னவர் தேய்த்த கடாயில் முகம் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த தோசை வார்க்க முடிகிறது, அது போதும். "மாஸ்டர், நீங்க லேட்" என்று ஒரு தட்டுத் தட்டுவதற்கு இப்போது எனக்கும் சந்தர்ப்பம் கிடைக்கிறது.

இதை எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க பேரையே போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, வேணாம்மா! இன்னும் ரெண்டு வீட்டுல வேலை செய்யறேன். நான்தான் தூண்டி விட்டேன்னு அவங்க நினைச்சுக்குவாங்க. அங்கேயும் ஞாயித்துக்கிழமை கிடைக்கட்டும், அப்பறம் போடுங்க" என்றார்.

அந்த இரண்டு வீட்டுக்காரம்மாக்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள்தான். எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, நான் வேறொன்றும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தட்டை யார் கழுவுகிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!